ஐந்தாம் பாகம் யாருடையது?

பேரணாம்பட்டு போயிருக்கிறீர்களா? குடியாத்தத்திலிருந்து மேற்கே, ஆந்திர எல்லையைப் பார்த்துப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும். ஊர் வந்துவிட்டதைக் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். தோல் ஊர். டேனரிகள், தோல் மண்டிகள், கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வலமிருந்து இடமாக ஓடுகிற உருது எழுத்து. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்றுக்கும் இதுதான் அடையாளம். (பிரியாணியை மறக்கவில்லை. அது இன்னொரு வாரத்துக்கு!)

இந்த ஊர்களில் உருது இலக்கியம் படித்த பெரியவர் யாராவது இருந்தால், 'உம்ரு அய்யாரின் ஜம்பில்' என்று சும்மா சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். ஜம்பில் என்றால் பை. எதைப் போட்டாலும் உள்ளே போகும், எவ்வளவு போட்டாலும் நிரம்பாது. ஊரையே தூக்கிப் போடலாம். கையை விட்டால் வேண்டியது வெளியே வரும். ஒரு பெண்மணியின் கைப்பையிலிருந்து சீப்பு, மாத்திரை, ரேஷன் கார்டு, தேங்காய் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தால், 'இது என்ன, உம்ரு அய்யார் ஜம்பிலா?' என்று உருதுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தப் பைக்குச் சொந்தக்காரர் உலாவுகிற கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். கதையை என்பதைவிட, அந்தக் கதையின் ஐந்தாம் பாகத்தை. ஏனென்றால் அந்த ஐந்தாம் பாகம் ஒன்றல்ல. ரெண்டு!

ஹாரி பாட்டர் ஏழு பாகம் வந்தது, தெரியும். 1997ல் ஆரம்பித்து 2007ல் முடிந்தது. ஒவ்வொரு பாகம் வரும்போதும் நள்ளிரவில் கடை வாசலில் வரிசை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே லக்னோவில் ஏழு பாக மாயாஜாலக் கதை ஒன்று வந்தது. பெயர் 'திலிஸ்மே ஹோஷ்ருபா'. திலிஸ்ம் என்றால் மந்திரத்தால் கட்டிய உலகம். ஹோஷ்ருபா என்றால் புத்தியைப் பறிப்பது. ஆக, புத்தியைப் பறிக்கும் மாயலோகம். இந்த ஏழு பாகமும்கூட முழுக் கதை இல்லை. அமீர் ஹம்ஸாவின் சாகசங்கள் என்ற 46 பாகத் தொடரின் நடுவில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு பாகம் சராசரி 900 பக்கம். மொத்தம் 40 ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். கூட்டிப் பார்த்துத் தலை சுற்றினால் நான் பொறுப்பில்லை.

அமீர் ஹம்ஸா யார்? நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை, உஹது போரில் உயிர் நீத்த வீரர். சரித்திர ஹம்ஸா அவர். கதையில் வருகிற ஹம்ஸாவுக்கும் அவருக்கும் பெயர் மட்டும்தான் பொதுச்சொத்து. பாரசீகத்தில் கதைசொல்லிகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ராட்சசன், பரி, பறக்கும் குதிரை, மாயக்கோட்டை என்று அள்ளிவிட்டார்கள். கதை கடல் தாண்டியும் போனது. 1511ல் போர்ச்சுக்கீசியர்கள் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தின ராத்திரி, வீரர்கள் தெம்புக்காகச் சுல்தானிடம் ஒரு வீரக்கதைப் புத்தகம் கேட்டார்களாம். அவர் முதலில் அனுப்பியது ஹம்ஸா கதை. மலாய் வரலாற்று நூலே இதைச் சொல்கிறது.

அக்பருக்கும் இந்தக் கதை மேல் பைத்தியம். 1560களில் ஆரம்பித்து சுமார் 15 வருஷம், ஓவியர்களை உட்கார வைத்து 1,400 படங்கள் வரைய வைத்தார். பருத்தித் துணியில், ஆளுயரத்தில் பாதி இருக்கும் படங்கள். இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் இருநூறு தேறவில்லை. 1881ல் லண்டன் மியூசியத்துக்காகப் பொருள் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர், ஸ்ரீநகரில் ஒரு ஜன்னலில் குளிர் காற்று வராமல் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்தார். அக்பரின் ஹம்ஸா ஓவியம்! பாதுஷா வரைய வைத்தது, பனிக்காற்றுக்கு அடைப்பு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பேரணாம்பட்டுக்கும் இந்தக் கதைக்கும் நடுவில் ஒரு கோட்டை இருக்கிறது. வேலூர்க் கோட்டை.

1799ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்த பிறகு, அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து கம்பெனிக்காரர்கள் வைத்த இடம் அது. 1806 ஜூலை 9ம் தேதி கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். அதே நாளில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். இதெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

'இனி இவர்கள் இங்கே இருந்தால் ஆபத்து' என்று திப்பு குடும்பத்தைக் கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பியது. அங்கே ஃபத்தே ஹைதருக்கு ஒரு மருமகன் வாய்த்தார். நவாப் மிர்ஸா அமான் அலி கான். 'காலிப் லக்னவி' என்ற புனைபெயரில் எழுதுகிறவர். (பெரிய கவிஞர் காலிப் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இவர் 1855ல் கல்கத்தாவில் ஹம்ஸா கதையை உருதுவில் அச்சிட்டார். அதற்கு முன்பு 1801ல் வெள்ளைக்கார அதிகாரிகள் உருது படிப்பதற்காக கோட்டை வில்லியம் கல்லூரியில் ஒரு ஹம்ஸா எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஒரு பாகத்தில் அடங்குகிற, ஆற அமர ரசித்துப் படிக்கிற ஹம்ஸா என்றால் இந்த மருமகன் எழுதியதுதான்.

வேலூர்க் கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தின் மாப்பிள்ளை எழுதிய புத்தகம். அது என்ன ஆயிற்று தெரியுமா?

1871ல் லக்னோவில் அப்துல்லா பில்கிராமி என்பவர் பெயரில் ஒரு ஹம்ஸா வந்தது. அமோக விற்பனை. பதிப்பு மேல் பதிப்பு. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. காலிப் லக்னவியின் புத்தகத்தையே எடுத்து, அங்கங்கே கவிதையும் அலங்காரமும் தூவி, பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்! மூல ஆசிரியருக்கு ஒரு வரி நன்றி கூடக் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் உலகம் பில்கிராமியின் ஹம்ஸா என்றுதான் படித்தது.

பில்கிராமியை வெளியிட்டவர் முன்ஷி நவல் கிஷோர். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1857 கலகத்தில் லக்னோ சின்னாபின்னமாகிக் கிடந்தது. மறுவருஷமே, 22 வயதுப் பையன், அங்கே போய் அச்சகம் போட்டார். உருது, பாரசீகம், அரபி, சமஸ்கிருதம், இந்தி எல்லாம் அச்சிட்டார். குர்ஆனும் அச்சிட்டார், ராமாயணமும் அச்சிட்டார். ஆசியாவிலேயே மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. ஹம்ஸா விற்கிற வேகத்தைப் பார்த்தவருக்கு ஒரு யோசனை. ஒரே பாகத்தில் இவ்வளவு விற்கிறதே, லக்னோ கதைசொல்லிகள் மாதக்கணக்கில் சொல்கிற முழுக் கதையையும் அச்சில் இறக்கினால்?

இந்தக் கதைசொல்லிகளுக்கு 'தாஸ்தான்கோ' என்று பெயர். நவாபுகளின் தர்பார், அபினிக்காரர்களின் ஜமா, கடைத்தெரு எல்லா இடத்திலும் சொல்வார்கள். கதையை நகர்த்துவது மட்டும் திறமை இல்லை, நகர விடாமல் நிறுத்துவதுதான் பெரிய திறமை. காதலன் திரையை விலக்கக் கை நீட்டுகிறான். அந்தக் கை திரையைத் தொடுவதற்கே நாள் கணக்கில் இழுப்பார்களாம். நம்ம டி.வி. சீரியல்காரர்கள் என்னவோ தாங்கள்தான் கண்டுபிடித்த மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

நவல் கிஷோர் அப்படிப்பட்ட ஒரு தாஸ்தான்கோவைப் பிடித்தார். முகம்மது ஹுசைன் ஜா. இவர் எழுத ஆரம்பித்ததுதான் ஹோஷ்ருபா. முதல் பாகம் 1883ல் வெளிவந்தது.

கதை இதுதான். தன்னைத்தானே கடவுள் என்று சொல்லிக்கொள்கிற லக்கா என்ற ராட்சச உருவன், ஹம்ஸாவிடம் அடி வாங்கி ஓடி, ஹோஷ்ருபாவின் எல்லையில் தஞ்சம் புகுகிறான். ஹோஷ்ருபாவின் சக்கரவர்த்தி அஃப்ராசியாப், மந்திரவாதிகளுக்கெல்லாம் ராஜா. அவன் ராஜ்யம் மூன்று அடுக்கு. கண்ணுக்குத் தெரிகிற பகுதி, மறைந்திருக்கிற பகுதி, இருட்டுப் பகுதி. வெளிப்பகுதிக்கும் மறைபகுதிக்கும் நடுவே ரத்த ஆறு ஓடுகிறது. அதன் மேல் புகையால் ஆன பாலம், காவலுக்குப் புகைச் சிங்கங்கள் ரெண்டு. அஃப்ராசியாபிடம் ஒரு புத்தகம் உண்டு. திறந்தால், யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் எழுத்தாகத் தெரியும்.

இந்த மாயலோகத்தை உடைக்கும் விதி ஹம்ஸாவின் பேரன் அஸதுக்கு. அவன் உள்ளே போய் மாட்டிக்கொள்ள, மீட்கப் போகிறவர்தான் உம்ரு அய்யார். (அய்யார் என்றால் வேஷதாரி, ஒற்றன், எத்தன். நம்ம ஊர் ஐயர் இல்லை!) மந்திரம் ஒன்றும் தெரியாது. ஒல்லி உடம்பு, ஓட்டமான ஓட்டம், படுகஞ்சம். எதிரியை மயக்கிப் போட்டால் முதல் வேலை அவன் மோதிரத்தைக் கழற்றி ஜம்பிலில் போடுவதுதான். பெரிய பெரிய மந்திரவாதிகளை ஒரு சமையல்காரன் வேஷமும் கொஞ்சம் மயக்கப் பொடியும் வைத்துக்கொண்டு கவிழ்த்துவிடுவார். அதிகாரத்திடம் எல்லா வித்தையும் இருக்கிறது, ஏழையிடம் மூளை மட்டும் இருக்கிறது. 1857ஐப் பார்த்த லக்னோ இதை ஏன் அப்படி ரசித்தது என்று விளக்க வேண்டுமா என்ன?

விட்டலாச்சார்யா படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய தெருதான். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளி, கிளிக்குள் அரக்கன் உயிர். ஆனால் ஹோஷ்ருபா அதைவிடக் கறுப்பு. செத்த மந்திரவாதியின் ஆவிகள் அவன் பெயரைக் கூவிக்கொண்டு சுழலும். வானம் இருண்டு நெருப்பும் கல்லும் விழும். யார் எந்தப் பக்கம் என்பது அடிக்கடி மாறும். அஃப்ராசியாபின் சொந்த ஆட்களே, பெரிய பெரிய மந்திரக்காரிகளே, எதிர்முகாமுக்குப் போய்விடுவார்கள்.

ஜா நான்கு பாகம் எழுதினார். 1890 வாக்கில் நாலாவது வந்தது. கதை உச்சத்தில் நிற்கிறது. அப்போது முதலாளிக்கும் எழுத்தாளருக்கும் முறிந்துவிட்டது. ஜா வெளியேறினார்.

இங்கே நிறுத்தி நீங்களே யோசியுங்கள். கதை யாருடையது? எழுதிய ஜாவுடையதா, காகிதமும் கூலியும் போட்ட நவல் கிஷோருடையதா?

ஜா என்னுடையது என்றார். வெளியே வேறு அச்சகத்தைப் பிடித்து, ஐந்தாம் பாகத்தைத் தானே கொண்டுவர ஆரம்பித்தார். நவல் கிஷோர் சும்மா இருப்பாரா? அகமது ஹுசைன் கமர் என்ற இன்னொரு தாஸ்தான்கோவைக் கூப்பிட்டு ஐந்தாம் பாகத்தைக் கொடுத்தார். கமர் எழுதியது அடங்காமல் ரெண்டு புத்தகமாகப் பிரிந்தது. ஆக, ஒரே கதை, ஒரே ஐந்தாம் பாகம், ரெண்டு ஆசிரியர். லக்னோ வாசகனுக்கு எப்படி இருந்திருக்கும்!

போட்டி என்ன ஆகும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. ஒரு பக்கம் ஊர் ஊராக விற்கிற பெரிய கம்பெனி. இன்னொரு பக்கம் தனி ஆள். ஜாவின் ஐந்தாம் பாகம் ஒரு பகுதியோடு நின்றுபோனது. கமர் ஆறையும் எழுதினார், ஏழையும் எழுதினார். 1893ல் ஹோஷ்ருபா முடிந்தது. ஜெயித்ததோடு விட்டாரா? கதைக்கு நடுவிலேயே ஜாவைக் குத்திக் காட்டினார், தன் பெருமையைப் பாடினார். உம்ரு அய்யார் யாரையோ மயக்கப் போய்க்கொண்டிருப்பார், திடீரென்று ஆசிரியர் நுழைந்து பழைய ஆசிரியரைத் திட்டுவார்.

ஜா நல்ல எழுத்தாளரா, கமரா என்று உருதுக்காரர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். நடைக்கு ஜா, கற்பனை வீச்சுக்குக் கமர் என்று பாகம் பிரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் கமர் மேல் எனக்குக் கோபம் உண்டு, எழுத்துக்காக அல்ல, அந்தத் திட்டுக்காக. தோற்று வெளியே போனவன் பதில் சொல்ல முடியாத இடத்தில் வைத்து அடிப்பது என்ன நியாயம்?

ஆனால் விஷயம் அவ்வளவு நேராகவும் இல்லை. ஏனென்றால் ஹோஷ்ருபாவை உண்டாக்கியது ஜாவே இல்லை! மீர் அகமது அலி என்ற பழைய தாஸ்தான்கோ வாயால் கட்டிய மாயலோகம் அது என்கிறார்கள். அவர் வழியில் வந்தவர்களில் அம்பா பிரசாத் ரஸா என்ற ஒருவரும் உண்டு. குருவிடமிருந்து சிஷ்யனுக்கு வாய்வழி வந்து, லக்னோவிலும் ராம்பூர் தர்பாரிலும் வளர்ந்து, ஜாவின் பேனாவுக்கு வந்தது. அச்சில் போட்டபோது என்ன சொல்லி விற்றார்கள்? அக்பரின் ஆஸ்தான கவி ஃபைஸி பாரசீகத்தில் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்று! அப்படி ஒரு பாரசீகப் புத்தகமே கிடையாது. சரக்குக்குப் பாரசீக முத்திரை குத்தினால் மதிப்பு கூடும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியாவில் பட்டை போட்டுப் பதனிட்டுக் கப்பலேறிய செம்மறித் தோலுக்கு லண்டன் தோல் வியாபாரத்தில் 'பெர்ஷியன்ஸ்' என்றே பெயர். புத்தகத்துக்கு அட்டை கட்டவும் அதை உபயோகித்தார்கள். பாலாற்றங்கரைத் தோல்காரர்களுக்கு நவல் கிஷோரின் தந்திரம் புதிதாகவே பட்டிருக்காது.

வாயால் சொல்கிறவரை இந்தக் கேள்வியே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்துப் பேர் சொன்னால் பத்து ஹோஷ்ருபா. யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அச்சு வந்தது. முகப்புப் பக்கம் வந்தது. முகப்பில் ஒரு பெயருக்குத்தான் இடம். அங்கே ஆரம்பித்தது வம்பு. காலிப் லக்னவியின் பெயர் அந்த இடத்திலிருந்து விழுந்தது. மீர் அகமது அலிக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. ஜாவுக்கு நாலு தடவை கிடைத்தது, ஐந்தாவது தடவை பறிபோனது.

நம்ம பக்கம் பார்த்தால், கல்கி 1954ல் மறைந்தபோது 'அமர தாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி, அப்பாவின் குறிப்புகளை வைத்து முடித்தார். 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். யாரும் சண்டைக்கு வரவில்லை, வாசகர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். காசியில் தேவகி நந்தன் கத்ரி, இதே அய்யார்களையும் திலிஸ்மையும் இந்திக்குக் கொண்டுபோய் 1888ல் 'சந்திரகாந்தா' ஆரம்பித்தார். அதைப் படிப்பதற்காகவே பலர் இந்தி எழுத்துப் படித்தார்கள் என்பார்கள். அவர் முடிக்காமல் விட்ட 'பூத்நாத்'தை மகன் துர்கா பிரசாத் முடித்தார். 1990களில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் 'சந்திரகாந்தா' பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஜாவின் பேரக்குழந்தைதான் அது, தெரியாமல் பார்த்தீர்கள்.

அப்புறம் காலம் மாறியது. நாவல் வந்தது, சினிமா வந்தது. பகுத்தறிவு பேசிய உருது விமர்சகர்கள், பேய்க்கதை, வெட்கக்கேடு என்று முகம் சுளித்தார்கள். டெல்லியின் கடைசி தாஸ்தான்கோ என்று சொல்லப்படும் மீர் பாக்கர் அலி, கடைசிக் காலத்தில் பாக்கு விற்றுப் பிழைத்து, 1928ல் இறந்தார். கிரியர்சனின் மொழி ஆய்வுக்காக எடுத்த சின்ன ஒலிப்பதிவில் அவர் குரல் மட்டும் இருக்கிறது. 46 பாகமும் பழைய புத்தகக் கடைக்குப் போய், கரையானுக்குப் போய், முழு செட் எங்கேயும் இல்லை என்கிற நிலை வந்தது.

காப்பாற்றியவர் ஒரு தபால் துறை அதிகாரி! அலகாபாத்தைச் சேர்ந்த ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல் உட்கார்ந்து அத்தனையும் படித்தார். இதை நாவல் என்று நினைத்துப் படிக்காதீர்கள், சொல்வதைக் கேட்கிற மாதிரி படியுங்கள் என்று 1999லிருந்து பெரிய பெரிய புத்தகமாக எழுதினார். பாட்னாவின் குதா பக்ஷ் நூலகம் 1988ல் ஹோஷ்ருபாவை மறுபதிப்புச் செய்தது. ஃபாரூக்கியின் உறவினர் மஹ்மூத் ஃபாரூக்கி 2005ல் வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி போட்டு மேடையில் உட்கார்ந்து ஹோஷ்ருபாவை மறுபடி வாயால் சொல்ல ஆரம்பித்தார். சபை நிரம்பியது. முஷர்ரஃப் அலி ஃபாரூக்கி 2007ல் ஹம்ஸாவை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதன் முகப்பில் பில்கிராமியோடு, வேலூர்க் கோட்டைக் குடும்பத்து மருமகன் காலிப் லக்னவியின் பெயரும் ஏறியது. 152 வருஷம் கழித்து!

அந்த ஏழாம் பாகத்தில் அஸது மாயலோகத்தை உடைத்து, அஃப்ராசியாப் விழுந்து, ஹோஷ்ருபா முடிந்தது என்று சொன்னேன் இல்லையா? முதலாளிக்கு விற்பனை, கமருக்குக் கை அரிப்பு. கொஞ்ச காலத்தில் அவரிடமிருந்து இன்னொரு புத்தகம் வந்தது. தலைப்பு 'பகியா திலிஸ்மே ஹோஷ்ருபா'. பகியா என்றால் பாக்கி, மிச்சம். அந்த மிச்சமே ரெண்டு பாகம்.